45 பவுண்ட் வில்லை முதல் வில்லாக வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். வயது 29, உயரம் 5 அடி 7 அங்குலம், மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறீர்கள். சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க மாட்டும் கம்பி) எதுவும் இல்லாமல் பாரம்பரிய முறையில் வில் பழக ஆசை. வெளிநாடு போகும் நண்பர் ஒருவர் தன்னுடைய 45 பவுண்ட் ஒற்றைத்துண்டு மர ரீகர்வைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். (ரீகர்வ் என்றால் நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்; பவுண்ட் என்பது நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது கையில் வரும் எடை.) அதை வாங்கலாமா, வேறு மாடல் நல்லதா, மொட்டை மாடியில் 15 மீட்டர் இருக்கிறது, அது போதுமா? மாடலைப் பற்றிய கேள்விபோலத்தான் தெரிகிறது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ‘என் உடம்புக்கு எத்தனை பவுண்ட்’ என்பதைத்தான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மாடல் பற்றிய குழப்பத்தில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பன்னிரண்டு வருடமாக சைட் இல்லாத ரீகர்வ் விடுகிறேன். கடைசி ஐந்தாறு வருடமாக, கோவைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் ஞாயிறு காலைகளில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளர் இல்லை. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவமும் கிடையாது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் பெரியவர்கள், விரலால் நாணை இழுத்து, 10 முதல் 20 மீட்டருக்குள் விடுவதைப் பற்றி மட்டும்.

என் முதல் வில் 50 பவுண்ட். ‘ஆம்பளைக்கு அம்பதுக்குக் கீழ எதுக்கு சார்’ என்றார் விற்றவர், நானும் தலையாட்டினேன். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த ஆள் வேறு எப்படி இருப்பான்? தோப்பில் இதற்கு ‘ஓரி நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு அது முற்றிய நிலை. நான்காவது மாதம் வலது தோளில் வலி வந்தது. சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண் வீங்கியிருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். அடுத்த நான்கு மாதம் வில்லைத் தொடவில்லை.

தோள் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது வேறொன்று. அத்தனை எடையைத் தாங்கிப் பிடிக்க முடியாததால், விரல் கன்னத்துக்கு வந்து சேரும் முன்பே நாணை விட்டுவிடும் பழக்கம் எனக்குள் ஊறிவிட்டது. இலக்கின் நடுப்புள்ளி கண்ணில் பட்டதுமே விரல் தானாகத் திறக்கும். நான் சொன்னால் கேட்காது. இதை ‘டார்கெட் பேனிக்’ என்பார்கள். 22 பவுண்ட் வில்லை வாங்கி, மூன்று மீட்டர் தூரத்தில் வெறும் சாக்கைப் பார்த்து ஒரு வருடம் விட்ட பிறகுதான் அதிலிருந்து வெளியே வந்தேன். டார்கெட் பேனிக்குக்குக் காரணம் எடை மட்டும்தானா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன்; லேசான வில் விடுகிறவர்களுக்கும் வருகிறது. ஆனால் கனமான வில்லில் தொடங்கியவர்களிடம் அது சீக்கிரம் வருவதை என் கண்ணாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜிம் போகிறேனே என்பீர்கள். 45 பவுண்ட் என்பது 20 கிலோ சொச்சம். டம்பெல்லாக வந்தால் உங்களுக்கு அது விளையாட்டு. இங்கே அந்த 20 கிலோ மூன்று விரல்களின் முதல் கணுவில் தொங்குகிறது. இடது கை அதை எதிர்த்து நீட்டியபடி அசையாமல் நிற்க வேண்டும். இழுத்த பிறகு இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்று, அந்த நேரத்தில் இலக்கை மட்டும் யோசிக்க வேண்டும். காம்பவுண்ட் வில்லில் கடைசியில் சக்கரம் சுழன்று எடை குறைந்துவிடும். ரீகர்வில் கடைசி அங்குலம்தான் ஆகக் கனமானது. வேலை செய்வது கைத்தசை இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகில் இருக்கும் தசைகள். அவற்றை ஜிம்மில் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. கணக்கும் போட்டுப் பாருங்கள்: ஒரு காலையில் 100 அம்பு விட்டால் 45 பவுண்டில் மொத்தம் 2 டன்னுக்கு மேல் இழுத்திருப்பீர்கள். 28 பவுண்டில் அது ஒன்றே கால் டன். பழக்கம் என்பது அந்த நூறாவது அம்பையும் முதல் அம்பைப்போலவே விடுவதில்தான் வருகிறது.

வில் தனக்கு அதிகம் என்பது இழுப்பவருக்குத் தெரியாது, பார்க்கிறவருக்கு உடனே தெரியும். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்குவார், இரண்டு கைகளையும் பிரித்தபடி கீழே இறக்குவார், இடுப்பு முன்னால் தள்ளும், முதுகு பின்னால் சாயும், வலது தோள் காதைத் தொடப் போகும். மூச்சை அடக்கியிருப்பார். நாண் தாடைக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிடும். ‘முழுசா இழுத்துட்டேன்ல?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்.

நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நாற்காலி நுனியில் உட்காருங்கள். இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை நேராக இலக்கின் உயரத்தில் நீட்டி, மேலே தூக்காமல், மெதுவாகக் கன்னம் வரை இழுங்கள். பத்து விநாடி பிடியுங்கள். பிறகு நாணை விட்டுவிடாமல் அதே நிதானத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். நடுங்காமல் இதைச் செய்ய முடிந்தால் அந்த எடை உங்களுடையது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அம்பு எடுத்துப்போக வேண்டிய சக்தி முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும். ஒரே தடவையில் லிம்ப், அதாவது வில்லின் வளையும் கை, பிளந்துபோக வாய்ப்பு உண்டு. கடையிலோ நண்பர் வீட்டிலோ யாராவது ‘சும்மா இழுத்து விட்டுப் பாருங்க’ என்றால் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் பரிந்துரை இதுதான்: சராசரி உடல்வாகுள்ள ஆணுக்கு 25 முதல் 30 பவுண்ட், பெண்ணுக்கு 20 முதல் 25. இதை ஐந்து பவுண்ட் ஏற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் அனுபவசாலிகள்தான். இந்த இடத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் புதியவருக்கு 45 கொடுக்கலாம் என்று சொல்லும் ஒரு நல்ல ஆசிரியரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் விடும் ஆண்களே நாற்பதுகளின் பின்பாதியிலும் ஐம்பதை ஒட்டியும்தான் இழுக்கிறார்கள், அதுவும் பல வருடப் பயிற்சிக்குப் பிறகு. உங்கள் 15 மீட்டருக்கு 25 பவுண்ட் தாராளம்.

இப்போது வில்லில் எழுதியிருக்கும் எண். கீழ் லிம்பின் உள்பக்கத்தில் ‘30# @ 28"’ என்ற மாதிரி இருக்கும். 28 அங்குலம் இழுக்கும்போது 30 பவுண்ட் என்று பொருள். நீங்கள் 28 அங்குலம் இழுப்பீர்களா என்பது வேறு கதை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறைய கிடைக்கும். 5 அடி 7 அங்குல ஆளுக்குக் கைவிரிப்பு பெரும்பாலும் 67, 68 அங்குலம் வரும், வகுத்தால் 27. ஒரு அங்குலம் குறைய இழுத்தால் 30 பவுண்ட் வில்லில் இரண்டு பவுண்ட் அளவுக்குக் குறையும். 45 பவுண்ட் வில்லில் இரண்டரை, மூன்று குறையும். ஆக ‘30’ என்று எழுதிய வில் உங்கள் கையில் 28ஆக இருக்கும். இன்னொன்று: இந்த வகுத்தல் கணக்கு தோராயம்தான். புதியவர்கள் தோளைச் சரியாக அடுக்கத் தெரியாததால் முதல் சில மாதம் ஒரு அங்குலம் குறைவாகவே இழுப்பார்கள். தோள் இறங்க இறங்க நீளம் கூடும். அம்பு வாங்கும்போது இது முக்கியம், அங்கே திரும்ப வருகிறேன்.

வில்லின் நீளம் எளிது. உங்கள் 27 அங்குல இழுப்புக்கு 62 அங்குல வில் பொருத்தம், 64 இருந்தால் இன்னும் சுகம். 29க்கு மேல் இழுக்கும் நெட்டை ஆட்கள் 66 பார்க்கலாம். 54, 56 அங்குலக் குட்டை வில்கள் படத்தில் அழகாக இருக்கும். இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடிந்து மூன்று விரல்களையும் நெரிக்கும், கடைசி இரண்டு அங்குலத்தில் எடை திடீரென்று ஏறும். காட்டுப் புதருக்குள் நடப்பவர்களுக்குக் குட்டை வில் வசதி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது நமக்குப் புதரில் என்ன வேலை?

ஒற்றைத்துண்டா, டேக்டவுனா? டேக்டவுன் என்றால் நடுவே கைப்பிடித் துண்டு, அதாவது ரைசர். மேலும் கீழும் திருகாணியில் மாட்டும் இரண்டு லிம்ப். முதல் வில்லுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டேக்டவுனைச் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று: ஆறு மாதம் கழித்து எடை கூட்ட நினைத்தால் லிம்ப் மட்டும் மாற்றினால் போதும். ஒற்றைத்துண்டு வில்லில் எடை பிடிக்கவில்லை என்றால் வில்லையே விற்க வேண்டும். கொரியாவின் சாமிக் நிறுவனம் செய்த சேஜ் என்ற 62 அங்குல வில், பல வருடம் உலகம் முழுக்கப் புதியவர்களின் முதல் வில்லாக இருந்தது. 25இலிருந்து 60 பவுண்ட் வரை அதற்கு லிம்ப் கிடைத்தது. இன்று அதே அச்சில் பல பெயர்களில் வில்கள் வருகின்றன. ஒன்றின் லிம்ப் இன்னொன்றில் பொருந்தும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பல நேரம் பொருந்தும், சில நேரம் துளை அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். மாட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் ஐ.எல்.எஃப். வகை ரைசர் பாருங்கள். ஹோய்ட் நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வந்து இன்று பல நிறுவனங்களுக்கும் பொதுவாகிவிட்ட பொருத்துமுறை அது. யாருடைய லிம்பையும் யாருடைய ரைசரிலும் மாட்டலாம், போல்ட்டைத் திருகி எடையையே பத்து சதவீதம் அளவுக்கு ஏற்றி இறக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த லிம்பில் எழுதியிருக்கும் எண் 25 அங்குல ரைசரில் அளந்தது. 21 அங்குல ரைசரில் அதே லிம்ப் ஏறக்குறைய நாலு பவுண்ட் கூடுதலாக இழுக்கும். ‘26தானே வாங்கினேன், ஏன் இப்படிக் கனக்கிறது’ என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

‘மரவில்தானே பாரம்பரியம், போல்ட் வைத்த வில் எப்படி?’ என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் நண்பரின் வில்லை ஓரமாகப் பாருங்கள்: மரப் பட்டைகளுக்கு முன்னும் பின்னும் ஒரு கண்ணாடிநார் (ஃபைபர்கிளாஸ்) பட்டை ஓடும். அந்த நுட்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவலானது. ஃபிரெட் பேர் போன்ற வில் தயாரிப்பாளர்கள் அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார்கள். அதாவது நாம் பாரம்பரிய ரீகர்வ் என்று சொல்வது நம் தாத்தா வயது. துருக்கியரும் மங்கோலியரும் கொம்பையும் தசைநாரையும் மரத்தோடு ஒட்டிச் செய்த வளைந்த வில்தான் நிஜமான பழசு. நம் நாட்டிலேயே பழைய வழி வேண்டும் என்றால் மூங்கில் வில் இருக்கிறது. தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று அதற்குத் தனிப் பிரிவே உண்டு, 30 மீட்டரும் 50 மீட்டரும். ஜார்க்கண்டின் தீபிகா குமாரி வீட்டில் செய்த மூங்கில் வில்லில் தொடங்கித்தான் உலகத் தரவரிசையின் உச்சிக்குப் போனார். பாரம்பரியம் என்ற சொல்லுக்கு இந்த விளையாட்டில் இன்று நடைமுறைப் பொருள், சைட் இல்லாமல், விரலால், கண்ணையும் பழக்கத்தையும் நம்பி விடுவது என்பதுதான். போல்ட் இருந்தால் தீட்டு ஒன்றும் இல்லை.

சரி, அம்பு. வில்லைப் பற்றி ஐந்து பத்தி எழுதவைத்துவிட்டீர்கள், ஆனால் 20 மீட்டரில் அம்பு எங்கே போகிறது என்பதை வில்லைவிட அம்புதான் அதிகம் தீர்மானிக்கிறது. விரலிலிருந்து நாண் நழுவும்போது அம்பு நேராகப் போவதில்லை. மீன் நீந்துவதுபோல் வளைந்து வளைந்து ரைசரைச் சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைய வேண்டும். அந்த வளைவுத்தன்மைக்குப் பெயர் ஸ்பைன். கார்பன் அம்பில் 500, 700, 800 என்று எழுதியிருக்கும். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து, நடுவில் 1.94 பவுண்ட் எடையைத் தொங்கவிட்டால் 0.500 அங்குலம் தொய்வது 500. ஆக எண் பெரிதானால் அம்பு நெகிழ்வானது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 500. காம்பவுண்டுக்கும் கனமான வில்லுக்கும் ஏற்றது. உங்கள் 28 பவுண்டுக்கு அது இரும்புக் கம்பி. வலது கைக்காரர் விட்டால் அம்பு இடது பக்கமாகவே போகும். நீங்கள் உங்கள் விரலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தோப்புக்கு ஒருவர் மூன்று மாதமாக இடது பக்கம் விழுகிறது என்று வந்தார். நிற்கும் நிலையை மாற்றி, பிடியை மாற்றி, கண்ணாடியையும் மாற்றியிருந்தார். 800 ஸ்பைன் அம்பு ஒன்றைக் கையில் கொடுத்தேன். மூன்றாவது அம்பு நடுவில்.

27 அங்குல இழுப்புக்கு 29 அங்குல நீளத்தில், 800ஐ ஒட்டி அம்பு வாங்குங்கள். இழுப்பு கூடினாலும் அம்பு நுனி கைக்குள் வந்து விழாது. நீளமான அம்பு இன்னும் நெகிழ்வாக நடந்துகொள்ளும், வெட்டினால் விறைக்கும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் ஆரம்பத்தில் நீளமாகவே விட்டுவையுங்கள். மொத்த எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. 28 பவுண்டுக்கு 224 கிரெய்ன், பதினாலரை கிராம். அதைவிட லேசான அம்பு வில்லுக்குக் கிட்டத்தட்ட வெறும் நாணை விட்டதற்குச் சமம். ரைசரின் விளிம்பிலேயே அம்பை வைத்து விடுவதாக இருந்தால் பிளாஸ்டிக் வேன் (அம்பின் வாலில் ஒட்டும் பிளாஸ்டிக் இறகு) வேண்டாம், பறவை இறகு வைத்த அம்பு; இறகு உரசினால் மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் தட்டிவிடும். முதலில் ஆறு போதும், ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை சாக்கிலிருந்து பிடுங்கியதும் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். ‘நற’ என்று சின்னச் சத்தம் கேட்டாலும் குப்பைதான். கீறல் விழுந்த கார்பன் நாணில் வெடித்தால் சிராய் இடது கைக்குள் போகும். இந்த விளையாட்டில் நான் உண்மையிலேயே பயப்படும் விஷயம் அது ஒன்றுதான்.

மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விரலுக்குத் தோல் டேப் (tab, விரல்களுக்கும் நாணுக்கும் நடுவே வரும் தோல் துண்டு) அல்லது கையுறை, இடது முன்கைக்கு ஆர்ம் கார்ட். இது இல்லாமல் நாண் ஒருமுறை அடித்தால் ஒரு வாரம் நீலம் பாரித்து நிற்கும். நாண் ஏற்ற ஸ்ட்ரிங்கர் என்ற கயிறு, கட்டாயம். காலுக்கு நடுவே வில்லை நுழைத்து வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணில் அம்பு மாட்டும் இடத்தைக் குறிக்கப் பித்தளை வளையம் விற்கிறார்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடி போட்டாலும் அதே வேலை நடக்கும். அப்புறம் தேன்மெழுகு ஒரு துண்டு.

வலது கை வில் என்றால் இடது கையில் பிடித்து வலது கையால் இழுப்பது. ஆன்லைனில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆர்டர் போட்டவர்கள் ஏராளம். கண்ணையும் பாருங்கள்: இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் விட்டு, அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள் நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலது கைப் பழக்கமும் இடது கண் ஆதிக்கமும் இருந்தால் என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. இன்னும் பழகாதவர் என்றால் கண் சொல்வதைக் கேட்டு இடது கை வில்லை எடுங்கள் என்பேன். என் தோப்பு நண்பர் ஒருவர் இதற்கு நேர் எதிராகச் சொல்வார், அவரிடம் பழகியவர்களும் நன்றாகவே விடுகிறார்கள்.

மொட்டை மாடிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 28 பவுண்ட் வில் கொஞ்சம் மேல்நோக்கி விட்டுவிட்டால் நூறு மீட்டரைத் தாண்டும். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் முழுச் சுவர், படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு, இரண்டும் இருந்தால் ஐந்து மீட்டர் தூரத்தில் பழகலாம். கைப்பிடிச் சுவர் மட்டும் இருந்தால் கூடாது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் பட்டு எகிறிய என் அம்பு ஒன்று, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. தொட்டிக்குக் காசு கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அங்கேதான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு மாடிக்கு வில்லைக் கொண்டுபோவதை விட்டேன். இடம் கிடைத்தால் இலக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம்: பழைய சணல் சாக்கில் கிழிந்த துணிகளை நெருக்கித் திணித்துத் தைத்தால் 28 பவுண்டுக்கு வருடக்கணக்கில் தாங்கும். ஜிப், பட்டன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் திணியுங்கள்.

முதல் மாதம் அந்தச் சாக்கில் புள்ளி எதுவும் வரையாமல் மூன்று மீட்டரில் விடுங்கள். பிறகு 10, பிறகு 15, 18. எடையை எப்போது கூட்டுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு: ஒரே காலையில் அறுபது அம்பு விட்டு, கடைசி ஆறு அம்பும் முதல் ஆறு அம்பு அளவுக்கே ஒன்றாக விழ வேண்டும், அதுவும் தொடர்ந்து நாலைந்து வாரம். அப்படி ஆனதும் நாலைந்து பவுண்ட் ஏற்றுங்கள், ஒரேயடியாகப் பத்து வேண்டாம். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருடம். நான் இப்போது 38இல் இருக்கிறேன், அதற்கு மேல் போக ஆசை இல்லை.

உங்கள் நண்பரின் வில்லுக்கு வருகிறேன். அதைப் பார்க்கப் போகும்போது நாண் ஏற்றச் சொல்லி, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை கண்ணால் கோடு பிடியுங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் ஓட வேண்டும், ஒருபக்கம் சாய்ந்தால் லிம்ப் முறுகிவிட்டது. ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் விளிம்புகளில் ஓட்டுங்கள், நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் கிளம்பியிருக்கிறது. கண்ணாடிநார்ப் பட்டைக்குள் வெள்ளைக் கோடு தெரிந்தால் வேண்டாம். காருக்குள் வைத்து வெயிலில் விட்டதுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் கரூர் பக்கம் சாப்பிட இறங்கிய ஒரு நண்பர், நாண் ஏற்றிய வில்லைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது பசை இளகி, மேல் லிம்பின் பட்டைகள் பழைய புத்தகத்தின் அட்டைபோல விரிந்திருந்தன.

இதெல்லாம் தேறி, பாதி விலையையும் விட மனசில்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கூடவே 30 என்று எழுதிய டேக்டவுன் ஒன்றும் வாங்குங்கள். 45ஐ நாண் கழற்றி, இரண்டு மர முளைகளில் படுக்கை வாக்கில், வெயில் படாத சுவரில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, நாற்காலி நுனியில் கால் தூக்கி உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள்.